டர்ன் ஓட்டுறது ஒரே கமாண்ட், மிச்ச வேலை பூரா மெயில்ல தான்

மெயில்ல ஆடுற ஸ்ட்ராட்டஜி கேம் ஒண்ணை ஹோஸ்ட் பண்ணப் போறேன்னு யாராவது சொன்னா உடனே எல்லாரும் கேக்குறது எந்த எஞ்சின்னு தான், அதாவது எல்லாருடைய ஆர்டரையும் வாங்கி ஆட்டத்தைக் கணக்குப் போட்டு நகத்துற புரோகிராம் எதுன்னு. கேக்க வேண்டிய கேள்வி தான், ஆனா வேலை அங்க இல்ல. எஞ்சினை யாரோ எப்பவோ எழுதி வச்சுட்டாங்க, அதை ஓட்டுறது ஒரே ஒரு கமாண்ட். ஆர்டர் வாங்குறது, வாங்குனதுக்கு ரசீது அனுப்புறது, கெடு முடிஞ்சதும் கதவைச் சாத்துறது, ரிப்போர்ட்டை அந்தந்த ஆளுக்கு மட்டும் கொண்டு போய்ச் சேக்குறது, ஸ்கிரிப்டோட முக்கால்வாசி இதுக்குத் தான் போகும். அதுக்கு மேல ஒண்ணு இருக்கு. இருபது முப்பது பேர் ஒருத்தர் மேல ஒருத்தர் சந்தேகத்தோட ஆடுற ஆட்டம் இது, நடுவர் மேல மட்டும் யாருக்கும் சந்தேகம் வரக் கூடாது. ஸ்கிரிப்ட் எழுதுறதுக்கு முதல் காரணமே அது தான், நேரம் மிச்சமாகுறது எல்லாம் அப்புறம்.

இந்த மாதிரி கேம் ஓடுற விதம் தெரியாதவங்களுக்காக சுருக்கமா சொல்லிடறேன். ஒரு டர்ன்னா வழக்கமா ஒரு வாரம். ஒவ்வொருத்தரும் தன்னோட படைக்கு என்ன செய்யணும்னு எழுதி நடுவருக்கு அனுப்புவாங்க, கெடு முடிஞ்சதும் எல்லாருடைய ஆர்டரும் ஒரே நேரத்துல நடக்கும், யாருக்கு என்ன ஆச்சுன்னு தனித்தனியா ரிப்போர்ட் வரும், அதைப் படிச்சுட்டு அடுத்த வாரத்துக்கு ஆர்டர். நடுவுல இருக்குற ஆறு நாளும் பேரம், ஒப்பந்தம், துரோகம் தான்.

இது கம்ப்யூட்டருக்கு முன்னாடியே தபால்ல ஓடுன விஷயம். அலன் கால்ஹாமர் 1959ல வெளியிட்ட டிப்ளமசி போர்டு கேமை 1963ல ஜான் போர்ட்மேன் கிரௌஸ்டார்க்ங்கிற சின்ன பத்திரிகை நடத்தி தபால் வழியா ஆட வச்சாரு. 1970ல அமெரிக்காவுல ரிக் லூமிஸ் நியூக்ளியர் டிஸ்ட்ரக்ஷன் ஆரம்பிச்சாரு, அவரோட ஃப்ளையிங் பஃபலோ கம்பெனி இதையே தொழிலா நடத்துச்சு, ஆர்டர் தபால்ல வரும், கணக்கு கம்ப்யூட்டர் போடும், ரிசல்ட் திரும்பத் தபால்ல போகும். அதாவது கணக்குப் போடுற வேலை அப்பவே மெஷினுக்குப் போயிடுச்சு. கவரைப் பிரிச்சு, யாரோடதுன்னு பாத்து, டைப் பண்ணி, திரும்ப ஒட்டி அனுப்புற வேலை தான் மனுஷன் கையில நின்னுச்சு. மெயில் வந்தப்புறம் தான் அந்தப் பகுதியையும் மெஷினுக்குத் தள்ள முடிஞ்சது.

அதை முழுசா செஞ்சு காட்டுன முன்னோடிகள்ல ஒண்ணு கென் லோ 1980களோட கடைசில எழுதுன டிப்ளமசி ஜட்ஜ். முழுக்க முழுக்க மெயில்லயே பேசுற புரோகிராம். ஆட்டத்துல சேரணும்னா ஜட்ஜுக்கு மெயில், ஆர்டர் போடணும்னா மெயில், எதிராளிக்கு ரகசியமா எதையாவது சொல்லணும்னாக் கூட ஜட்ஜுக்குத் தான் மெயில், அது கை மாத்தி விட்டுடும், யார் யாருன்னே தெரியாம ஆடலாம். அதுல ஒரு விஷயம் இன்னிக்கும் பாடம் மாதிரி இருக்கு. எல்லாருடைய ஆர்டரும் வந்துடுச்சுன்னா கெடுவுக்குக் காத்திருக்காம டர்னை ஓட்டிடும், ஆனா "இரு, நான் இன்னும் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்"னு சொல்றதுக்கு வெயிட்னு ஒரு கொடி வச்சிருந்தாங்க, அதைப் போட்டுட்டா கெடு வரைக்கும் ஓட்டாது. கெடு தாண்டியும் ஆர்டர் வரலன்னா கொஞ்சம் கருணை நேரம், அதுவும் போச்சுன்னா அந்த நாடு கேட்பாரில்லாம நிக்கும். இதெல்லாம் பாத்தா கோடிங் மாதிரி தெரியும், உண்மையில ஒரு நல்ல நடுவர் மனசுல வச்சிருக்குற விதிகளை முன்கூட்டியே எழுதி வச்சது தான்.

எனக்கு நல்லாப் பழக்கமான அட்லாண்டிஸ்ங்கிற கேமை வச்சே மிச்சத்தைச் சொல்றேன், ஏன்னா உள்ள போறதும் வெளிய வர்றதும் எல்லாமே வெறும் டெக்ஸ்ட், ஸ்கிரிப்ட் எழுதக் கத்துக்குறதுக்கு இதை விட சௌகரியமான கேம் கிடையாது. ரஸ்ஸல் வாலஸ் 1993ல எழுதுனது. அதுக்கு முன்னாடியே ஒலிம்பியான்னு ஒண்ணு இருந்துச்சு, அதை எழுதுன ரிச் ஸ்க்ரெண்டா தான் பள்ளிக்கூடத்துல படிக்கும்போது, 1982ல, ஆப்பிள் டூ மெஷினுக்கு எல்க் குளோனர் வைரஸ் எழுதுனவர், வெளிய பரவுன முதல் கம்ப்யூட்டர் வைரஸ்கள்ல ஒண்ணா அதைச் சொல்லுவாங்க. அட்லாண்டிஸ் ஜெர்மனிக்குப் போய் அங்க 1996ல எரெஸ்ஸியான்னு ஒரு கிளை விட்டுச்சு, வாரம் ஒரு டர்ன்னு வருஷக்கணக்கா ஓடுறது, அதோட சர்வர் கோடும் அதைச் சுத்தி இருக்குற ஸ்கிரிப்டுகளும் பொதுவுல கிடைக்கும். ஹோஸ்ட் பண்ண நினைக்கிறவங்க அந்த ஸ்கிரிப்டுகளை ஒரு தடவை படிக்கலாம். ஆர்டர் வாங்க ஒண்ணு, சரி பாக்க ஒண்ணு, பேக்கப்புக்கு ஒண்ணு, டர்ன் ஓட்ட ஒண்ணு, ரிப்போர்ட் அனுப்ப ஒண்ணுன்னு சின்னச் சின்னதா பிரிச்சு வச்சிருப்பாங்க. ஒரே பெரிய ஸ்கிரிப்டா எழுதாதீங்க, ராத்திரி பத்து மணிக்கு நடுவுல நின்னு போச்சுன்னா எங்க இருந்து திரும்ப ஆரம்பிக்கிறதுன்னு தெரியாது.

இப்போ ஃபைல் எல்லாம் எப்படின்னா, எஞ்சின் ஒரு ஃபோல்டருக்குள்ள உக்காந்திருக்கும். கேம்.இன்ங்கிற ஃபைல்ல மொத்த உலகமும் இருக்கும், பிளேயர்ஸ்.இன்ல யார் யார் ஆடுறாங்க, அவங்க மெயில், பாஸ்வேர்டு எல்லாம். ஒவ்வொரு ஃபேக்ஷனுக்கும், அதாவது ஒவ்வொரு ஆளோட கட்சிக்கும், ஒரு நம்பர். 1 காவல்காரங்க, 2 காட்டு மிருகங்களும் பூதங்களும், இது ரெண்டும் எஞ்சினே ஆடுறது, மனுஷங்க 3ல இருந்து ஆரம்பிப்பாங்க. 14ம் நம்பர் ஆளோட ஆர்டர் ஆர்டர்ஸ்.14ங்கிற பேர்ல அங்க இருக்கணும், ரன்னுன்னு ஒரு கமாண்ட் கொடுத்தா ஒரு டர்ன், அதாவது ஆட்டத்துக்குள்ள ஒரு மாசம், ஓடி முடியும், ரிப்போர்ட்.14 வெளிய வந்து விழும், புது உலகம் கேம்.அவுட்டா, புது ஆள் பட்டியல் பிளேயர்ஸ்.அவுட்டா வரும். அவுட்டை எல்லாம் இன்னுன்னு பேர் மாத்துனா அடுத்த டர்னுக்கு ரெடி. அவ்வளவு தான் எஞ்சின் பக்கம். புது ஆள் சேக்கணும்னா பிளேயர்ஸ்.இன் கடைசில நாலு வரி சேத்தா போதும்.

ஆர்டரோட வடிவத்தை யோசிச்சவரு மெயிலை நல்லாப் புரிஞ்சவரு. முதல் வரில ஒரு ஹேஷ் குறி (#) போட்டு அட்லாண்டிஸ்னு எழுதி ஃபேக்ஷன் நம்பரும், மேற்கோள் குறிக்குள்ள பாஸ்வேர்டும் வரணும். அப்புறம் யூனிட்டோட, அதாவது படைப்பிரிவோட நம்பர், அதுக்குக் கீழ வரி வசூலிக்கவோ வடக்கே நகரவோ வாள் சண்டை படிக்கவோ ஒரு வரிக்கு ஒரு ஆர்டர். கடைசில ஹேஷ் எண்டு. மேல "வணக்கம், லேட் ஆயிடுச்சு மன்னிக்கணும்"னு எழுதி இருந்தாலும் கீழ ஆபீஸ் கையெழுத்து பத்து வரி ஒட்டியிருந்தாலும் எஞ்சின் கண்டுக்காது, ரெண்டு ஹேஷுக்கும் நடுவுல இருக்குறது தான் ஆர்டர். மெயிலோட ஃப்ரம் முகவரியை நம்பாம பாஸ்வேர்டை உள்ளயே கேக்குறதும் சரியான முடிவு, ஃப்ரம் வரில யார் வேணா யார் பேரை வேணா போட்டுக்கலாம்.

ஒரு மெயில் வர்றதுல இருந்து ஆர்டர்ஸ்.14 ஆகுற வரைக்கும் என்ன நடக்கணும்னு கொஞ்சம் கிட்ட போய்ப் பாக்கலாம். பழைய ஆளுங்க லினக்ஸ் மெஷின்ல சொந்தமா மெயில் சர்வர் வச்சு, வர்ற மெயிலைப் பிரிக்கிற புரோக்மெயில் புரோகிராம்ல ரெண்டு வரி விதி எழுதி, வர்ற மெயிலை நேரா ஸ்கிரிப்டுக்குக் குழாய் போட்டு விட்டாங்க. இப்போ அப்படிச் செய்யணும்னு இல்ல, சொல்லப் போனா செய்யாதீங்க. வீட்டு இணைப்புல மெயில் சர்வர்கள் தங்களுக்குள்ள பேசிக்கிற 25ம் போர்ட்டை நிறைய இடத்துல மூடி வச்சிருப்பாங்க, பெரிய கிளவுடு கம்பெனிகள்ல பல பேர் வெளிய அனுப்புறதுக்கு அதைத் திறந்து விட மாட்டாங்க. கேமுக்குன்னு தனியா ஒரு மெயில் பாக்ஸ் வாங்கிட்டு, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஐமேப் (மெயில் பாக்ஸைத் தூரத்துல இருந்து படிக்கிற வழி) மூலமா எட்டிப் பாக்குற பைத்தான் ஸ்கிரிப்ட் போதும், ராஸ்பெரி பைங்கிற குட்டிக் கம்ப்யூட்டர் கூட இதைத் தாங்கும். ஜிமெயில்னா பழைய மாதிரி சாதா பாஸ்வேர்டு கொடுத்து நுழைய முடியாது, 2022ல நிறுத்திட்டாங்க, ரெண்டடுக்கு சரிபார்ப்பு போட்டு ஆப் பாஸ்வேர்டு எடுக்கணும்.

மெயில் வந்ததும் அதுக்குள்ள இருந்து சாதா டெக்ஸ்டை எடுக்கணும், இங்க தான் கூத்து. ஃபோன்ல இருந்து அனுப்புனவரோட மெயில் எச்டிஎம்எல்லா வரும், இடைவெளி இருக்க வேண்டிய இடத்துல இடைவெளி மாதிரி தெரியுற வேற எழுத்து இருக்கும். ஐஃபோன்ல 2017ல ஐஓஎஸ் 11 வந்ததுல இருந்து நேரான மேற்கோள் குறியைத் தானா வளைச்சு அழகாக்கிடும், எஞ்சினுக்கு அந்த வளைஞ்ச குறி புரியாது, பாஸ்வேர்டு தப்புன்னு சொல்லும், ஆடுறவரு "நான் சரியாத் தானே போட்டேன்"னு கோவிச்சுக்குவாரு, அவர் கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு தான். நீளமான வரியை மெயில் புரோகிராம் எழுபத்தி சொச்சம் எழுத்துல மடக்கிடும், யூனிட்டுக்கு வர்ணனை எழுதுற ஆர்டர்ல இது அடிக்கடி நடக்கும், மடங்குன பாதி தனி ஆர்டர்னு நினைச்சு எஞ்சின் முழிக்கும். இதெல்லாம் எஞ்சினுக்குப் போறதுக்கு முன்னாடியே ஸ்கிரிப்ட் சரி பண்ணிடணும். ஆனா ஒரு எல்லை வேணும். குறியை நேராக்குறது, இடைவெளியைச் சரியாக்குறது வரைக்கும் சரி, அதைத் தாண்டி ஆடுறவர் என்ன சொல்ல வந்திருப்பாருன்னு யூகிக்கப் போனா நீங்களும் ஆட ஆரம்பிச்சுட்டீங்கன்னு அர்த்தம்.

இன்னொரு வகை, ரிப்போர்ட்டுக்கே ரிப்ளை போட்டு உள்ள எழுதுறவங்க. ரிப்போர்ட்டோட கடைசில ஆர்டர் டெம்ப்ளேட் இருக்கும், அவங்க யூனிட் பட்டியலும் பாஸ்வேர்டு வரியும் தயாரா வச்சது, அதுலயே எழுதி அனுப்புனா வேலை சுலபம். ரிப்ளை போட்டா ஒவ்வொரு வரிக்கு முன்னாடியும் மேற்கோள் அம்புக்குறி (>) ஒட்டிக்கும், எஞ்சினுக்கு ஹேஷ் வரியே கண்ணுல படாது. அம்புக்குறியை எடுத்துட்டு வாங்கிக்கலாமேன்னு தோணும். செய்யாதீங்க, ஏன்னு அடுத்து சொல்றேன்.

ரிப்போர்ட் ஒருத்தருக்குப் போய்ச் சேராம திரும்பி வருதுன்னு வைங்க. மெயிலர் டீமன், அதாவது மெயில் சர்வரோட தானியங்கிகிட்ட இருந்து வர்ற அந்த மெயிலுக்குள்ள (பவுன்ஸ்னு சொல்லுவாங்க) பல நேரம் நீங்க அனுப்புன ரிப்போர்ட் முழுசா இருக்கும், அதுக்குள்ள டெம்ப்ளேட் இருக்கும், டெம்ப்ளேட்டுக்குள்ள ஃபேக்ஷன் நம்பரும் சரியான பாஸ்வேர்டும் இருக்கும். ஸ்கிரிப்டைப் பொறுத்தவரை அது பக்காவான ஆர்டர். எடுத்து ஆர்டர்ஸ்.14ல எழுதிடும். அம்புக்குறியையும் எடுக்க ஆரம்பிச்சா, ரிப்போர்ட்டை மேற்கோள் காட்டி வர்ற எந்தப் பதிலும் இதே மாதிரி ஆர்டர் ஆயிடும். போஸ்ட்ஃபிக்ஸ் மாதிரி மெயில் சர்வர் அனுப்ப முடியாத மெயிலை அஞ்சு நாள் வரைக்கும் வச்சு வச்சு முயற்சி பண்ணிட்டுத் தான் திருப்பி அனுப்பும். அந்த ஆளு வீட்டு மெயிலுக்கு வர்றதை ஆபீஸ் மெயிலுக்கும் ஃபார்வர்டு போட்டு வச்சிருக்காரு, வீட்டு மெயில்ல ரிப்போர்ட் கிடைச்சு மூணாம் நாள் உக்காந்து அழகா ஆர்டர் போட்டுட்டாரு, அஞ்சாம் நாள் ஆபீஸ் பக்கம் இருந்து பவுன்ஸ் வந்து அவர் போட்ட ஆர்டர் மேல வெறும் டெம்ப்ளேட்டை எழுதிட்டுப் போயிடும். ஒரே ஆள்கிட்ட இருந்து ரெண்டு ஆர்டர் வந்தா கடைசியா வந்தது தான் செல்லும்னு தானே வழக்கமா விதி வைப்போம். அவரோட படை அந்த மாசம் பூரா நின்ன இடத்துல நிக்கும்.

அதனால முதல் சல்லடையே இது தான்: அனுப்புனவர் முகவரி காலியா இருக்கா, தானா உருவான மெயில்னு சொல்ற ஆட்டோ சப்மிட்டட் ஹெடர் இருக்கா, மொத்தமா அனுப்புனதுன்னு குறி இருக்கா, இதுல எது இருந்தாலும் ஆர்டர் பக்கமே போகாம தனி ஃபோல்டருக்குப் போகணும். நீங்க அனுப்புற ரசீதுலயும் அதே ஆட்டோ சப்மிட்டட் குறியைப் போடுங்க. இல்லன்னா ஒருத்தர் லீவுல இருக்கேன்னு தானியங்கி பதில் வச்சிருப்பாரு, அதுக்கு உங்க ஸ்கிரிப்ட் "ஆர்டர் புரியல"ன்னு பதில் போடும், அதுக்கு அது பதில் போடும், பல மெயில் சர்வர்கள் ஒரே ஆளுக்கு ஒரு தடவைக்கு மேல லீவு பதில் போடாம பாத்துக்கும், ஆனா எல்லாம் அப்படி இல்ல. ஒரே முகவரிக்கு ஒரு மணி நேரத்துல இத்தனை ரசீதுக்கு மேல போகாதுன்னு ஒரு உச்சவரம்பும் வச்சுடுங்க, மூணு வரி கோடு தான்.

பாதுகாப்புன்னு பாத்தா பெருசா யாரும் ஹேக் பண்ண வரப் போறதில்ல, ஆனா வெளிய இருந்து வர்ற டெக்ஸ்டை வச்சு நீங்க ஃபைல் பேர் உருவாக்குறீங்க, அது மறக்கக் கூடாது. ஃபேக்ஷன் நம்பர்னா இலக்கம் மட்டும் தான் இருக்கணும், பட்டியல்ல இருக்குற நம்பரா இருக்கணும், சப்ஜெக்ட் வரியை ஷெல் கமாண்டுக்குள்ள அப்படியே செருகக் கூடாது. பாஸ்வேர்டு எல்லாம் எஞ்சின் ஃபைல்ல அப்படியே படிக்கிற மாதிரி தான் இருக்கும், அதனால பேங்குக்கு வச்சிருக்குற பாஸ்வேர்டை இங்க போடாதீங்கன்னு ஆடுறவங்களுக்கு முதல் மெயில்லயே சொல்லிடணும். அதே காரணத்தால இன்னொண்ணு: ஹோஸ்ட் நினைச்சா எல்லாருடைய ஆர்டரையும் படிக்கலாம். நான் கேட்டா ஹோஸ்ட் பண்றவர் அந்த ஆட்டத்துல ஆடக் கூடாதுன்னு தான் சொல்லுவேன், நீங்க எவ்வளவு நேர்மையா இருந்தாலும் உங்க படை ஒரு போர்ல ஜெயிச்ச அன்னிக்குப் பேச்சு வந்துடும்.

ரசீது விஷயத்தை நிறைய பேர் லேசா எடுத்துக்குறாங்க. என் கணக்குல இந்த மொத்த ஏற்பாட்டுலயும் அது தான் உயிர்நாடி. அட்லாண்டிஸ் எஞ்சின்லயே செக்னு ஒரு கமாண்ட் இருக்கு, ஆர்டர் ஃபைலைக் கொடுத்தா எந்த வரில எழுத்துப்பிழை, எந்த ஆர்டர் அதுக்குத் தெரியலன்னு சொல்லும். ஸ்கிரிப்ட் ஆர்டரை வாங்குனதும் செக் ஓட்டி அந்த முடிவையும், எத்தனை யூனிட்டுக்கு ஆர்டர் பதிவாச்சுன்னும், எத்தனை மணிக்கு வந்ததா பதிவு பண்ணிருக்குன்னும், அடுத்த கெடு எப்போன்னும் போட்டு உடனே திருப்பி அனுப்பணும். ரசீது வரலன்னா உங்க ஆர்டர் எங்ககிட்ட இல்ல, இதை விதியாவே வச்சுடுங்க. "நான் சனிக்கிழமையே அனுப்பிட்டேனே"ன்னு வர்ற தகராறுல பாதி இந்த ஒரு வரில முடிஞ்சுடும். ரசீதுல பாஸ்வேர்டைத் திருப்பி எழுதாதீங்க, அவ்வளவு தான். செக் பிடிக்கிறது எழுத்துப்பிழையை மட்டும் தான், இல்லாத காசுக்கு வாள் வாங்குறதையோ கடலுக்குள்ள நடந்து போறதையோ அது பிடிக்காது, அதையும் ரசீதுல ஒரு வரில சொல்லிடறது நல்லது.

கெடு நேரம். இதைத் தீர்மானிக்கும்போது உலகத்துல நிறைய நாடு வருஷத்துக்கு ரெண்டு தடவை கடிகாரத்தை மாத்துதுங்கிறதை ஞாபகம் வச்சுக்கணும், நமக்கு அந்தப் பழக்கம் இல்லாததால மறந்துடுவோம். ஐரோப்பாவுல மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறு, அமெரிக்காவுல மார்ச் ரெண்டாவது ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். வாடகைக்கு எடுத்த சர்வர் ஜெர்மனில இருந்து அந்த ஊர் நேரத்துலயே ஓடிக்கிட்டு இருந்து, நீங்க ஞாயித்துக்கிழமை விடியக்காலை ரெண்டரை மணிக்கு கிரான்ல (குறிச்ச நேரத்துல வேலையை ஓட்டுற புரோகிராம்) டர்னை வச்சிருந்தா, அந்த ரெண்டரை மணியே வராத நாளும் உண்டு, ரெண்டு தடவை வர்ற நாளும் உண்டு. சில கிரான் இதைச் சமாளிக்கும், சிலது சமாளிக்காது, எதுக்கு வம்பு, சர்வரை யுடிசியில (கடிகாரம் மாறாத உலகப் பொது நேரம்) வச்சுட்டு கெடுவையும் யுடிசியில அறிவிச்சுடுங்க, நம்ம ஊருக்கு அஞ்சரை மணி நேரம் கூட்டிக்கிட்டா போச்சு.

கெடுவுக்குள்ள வந்துச்சா இல்லையான்னு எந்த நேரத்தை வச்சு முடிவு பண்றது? மெயில்ல அனுப்புனவரோட கம்ப்யூட்டர் போடுற தேதி இருக்கும், அதை நம்ப முடியாது, கடிகாரத்தைப் பின்னாடி வச்சா போதும். மெயில் பாக்ஸுக்குள்ள வந்து விழுந்த நேரத்தை ஐமேப் சர்வரே குறிச்சு வச்சிருக்கும், அதைத் தான் எடுத்துக்கணும். இதுலயும் ஒரு அநியாயம் இருக்கு, சில மெயில் சர்வர் அறிமுகம் இல்லாத ஆள்கிட்ட இருந்து வந்தா "அப்புறம் வா"ன்னு ஒரு தடவை திருப்பி விட்டுட்டு பல நிமிஷம் கழிச்சு வர்றப்போ தான் வாங்கிக்கும், கெடுவுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடி அனுப்புனவர் தோத்துடுவாரு. அதுக்காக அறிவிச்ச கெடுவுக்கும் ஸ்கிரிப்ட் நிஜமா கதவைச் சாத்துறதுக்கும் நடுவுல கொஞ்ச நேரம் சத்தமில்லாம விட்டு வைக்கலாம். சத்தமில்லாமன்னா சத்தமில்லாம தான், அப்படி ஒரு நேரம் இருக்குன்னு தெரிஞ்சா அதுவே கெடு ஆயிடும்.

ஜட்ஜ் மாதிரி எல்லாரும் அனுப்புனதும் உடனே ஓட்டலாமான்னா, டிப்ளமசிக்கு சரி, ஏழு பேர் தான், ஆர்டரும் கைவிரல்ல எண்ணிடலாம். அட்லாண்டிஸ்ல ஆள் அதிகம், எல்லாரும் முதல் நாள் ஒரு அவசர ஆர்டர் போட்டு வச்சுட்டு அப்புறம் பேச்சுவார்த்தை முடிஞ்சு மாத்துவாங்க, அதனால நாள் நேரம் குறிச்சு ஓட்டுறது தான் ஒத்து வரும்.

டர்ன் ஓடுற ராத்திரிக்கு வருவோம். ஸ்கிரிப்ட் எழுந்ததும் முதல்ல பூட்டு போடணும், லினக்ஸ்ல எஃப்லாக்னு ஒரு கமாண்ட் இருக்கு, ஒரே நேரத்துல ரெண்டு பேர் அதே ஃபோல்டர்ல கை வைக்காம பாத்துக்கும். மெயில் வாங்குற ஸ்கிரிப்டும் அதே பூட்டைக் கேக்கணும், இல்லன்னா எஞ்சின் படிச்சுக்கிட்டு இருக்கும்போதே பாதி ஆர்டர் ஃபைல் மேல இன்னொரு ஆர்டர் எழுதப்படும். அடுத்து மொத்த ஃபோல்டரையும் டர்ன் நம்பர் போட்ட இன்னொரு ஃபோல்டருக்குக் காப்பி, இது எப்பவும் அழியக் கூடாது, டெக்ஸ்ட் ஃபைல் தானே, சுருக்கி வச்சா இடமே எடுக்காது. அப்புறம் எஞ்சினை அசல் ஃபோல்டர்ல ஓட்டாம ஒரு தற்காலிக ஃபோல்டர்ல ஓட்டுங்க. ஓடி முடிஞ்சதும் வேலை சரியா முடிஞ்சதான்னு எஞ்சின் சொல்ற எக்ஸிட் கோடை மட்டும் நம்பிடக் கூடாது, நடுவுல செத்துப் போன எஞ்சின் பாதி கேம்.அவுட் எழுதி வச்சுட்டுப் போயிருக்கும். புது பிளேயர் ஃபைல்ல டர்ன் நம்பர் சரியா ஒண்ணு கூடியிருக்கா, ஆடிக்கிட்டு இருக்குற ஒவ்வொரு ஃபேக்ஷனுக்கும் ரிப்போர்ட் வந்திருக்கா, எதுவும் காலியா இல்லையே, கேம்.அவுட்டோட சைஸ் போன டர்னை விட திடீர்னு பாதியா இல்லையே, இதெல்லாம் பாத்துட்டுத் தான் பேரை மாத்தி அசல் இடத்துல வைக்கணும். ஏதாவது ஒண்ணு இடிச்சாலும் ஸ்கிரிப்ட் எதையும் தொடாம நின்னுட்டு உங்களுக்கு மட்டும் ஒரு மெயில் போடட்டும்.

ஏன் இவ்வளவு ஜாக்கிரதைன்னா, இதுவரைக்கும் நடந்தது எல்லாம் திருப்பக் கூடியது, ரிப்போர்ட் மெயில் வெளிய போயிடுச்சுன்னா திருப்ப முடியாது. எதிரி படை எங்க இருக்குன்னு ஒருத்தர் பாத்துட்டாரு, அவர் பாத்ததை மறக்க வைக்க முடியாது, அதே டர்னை இன்னொரு தடவை ஓட்டுனா போர் முடிவு வேற மாதிரி வரலாம், தோத்தவங்க சந்தோஷப்படுவாங்க, ஜெயிச்சவங்க கொதிப்பாங்க. அதனால நான் டர்ன் ஓட்டுறதையும் ரிப்போர்ட் அனுப்புறதையும் தனித்தனி வேலையா வைப்பேன், நடுவுல ஒரு மணி நேரம் இடைவெளி, அதுக்குள்ள ரெண்டு ரிப்போர்ட்டைத் திறந்து கண்ணால பாத்துடலாம், பாக்க முடியலன்னா தானா போயிடும். ஏற்கனவே அனுப்பியாச்சுன்னு ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு குறி எழுதி வச்சா, பாதில கரண்ட் போய் திரும்ப ஓடுனாலும் ஒருத்தருக்கு ரெண்டு தடவை போகாது.

ரிப்போர்ட் அனுப்புறதுல இப்போ இருக்குற தலைவலி ஸ்பேம் ஃபோல்டர். ஒரே நிமிஷத்துல ஒரே மாதிரி தலைப்போட முப்பது மெயில், ஒவ்வொண்ணும் பெரிய அட்டாச்மென்ட்டோட போனா பெரிய மெயில் கம்பெனிகள் முறைச்சுப் பாக்கும். 2024 பிப்ரவரில இருந்து ஜிமெயிலும் யாஹுவும் அனுப்புற டொமைனுக்கு எஸ்பிஎஃப், டிகிம் மாதிரி அடையாளச் சான்று கேக்குறாங்க, ஜிமெயில்ல நாள் ஒண்ணுக்கு 5000 மெயில் அனுப்புறவங்களுக்குத் தான் முழுக் கட்டுப்பாடும், ஆனா சின்ன ஆளுங்களுக்கும் ஏதாவது ஒரு சான்றாவது இருக்கணும். சொந்த டொமைன் வச்சு ஒரு மெயில் சேவை வழியா அனுப்புனா அவங்க சொல்ற பதிவுகளை டொமைன்ல ஒரு தடவை சேத்தா போதும். ஒரு மெயிலுக்கும் அடுத்த மெயிலுக்கும் நடுவுல சில செகண்ட் விடுங்க. ஆட்டம் வளந்தப்புறம் ஒரு பெரிய ஃபேக்ஷனோட ரிப்போர்ட் நூத்துக்கணக்கான கேபி தாண்டும், ஜிப் பண்ணி அனுப்பலாம், டெக்ஸ்ட் நல்லாச் சுருங்கும்.

அட்லாண்டிஸ் மாதிரி டெக்ஸ்ட் இல்லாத கேம்ல கதை வேற. டிம் விஸ்மன் 1992ல வெளியிட்ட விஜிஏ பிளானெட்ஸ்ல பதினோரு பேர் வரைக்கும் ஆடலாம், ஆர்டர் டிஆர்என் ஃபைலா வரும், ரிசல்ட் ஆர்எஸ்டி ஃபைலா போகும். ஸ்டார்ஸ்ங்கிற இன்னொரு கேம்ல பதினாறு பேர் வரைக்கும், உலகம் எச்எஸ்டி ஃபைல்ல, 14ம் ஆளுக்கு எம்14 போகும், அவர்கிட்ட இருந்து எக்ஸ்14 வரும். வரி மடங்குற பிரச்சனையே இல்ல, அட்டாச்மென்ட்டை எடுத்து வச்சா போதும், ஆனா உள்ள என்ன இருக்குன்னு செக் பண்ணிச் சொல்றதும் கஷ்டம். ஸ்டார்ஸை கமாண்ட்ல டர்ன் ஓட்டச் சொல்லலாம், மைனஸ் ஜி போட்டு எச்எஸ்டி ஃபைல் பேரைக் கொடுத்தா முடிஞ்சது. சிக்கல் எங்கன்னா அது 16 பிட் விண்டோஸ் புரோகிராம், இப்போ இருக்குற 64 பிட் விண்டோஸ்ல நேரா ஓடாது, லினக்ஸ்ல வைன் (விண்டோஸ் புரோகிராமை லினக்ஸ்ல ஓட வைக்கிறது) போட்டு ஓட்டிக்கிறாங்க. 2014ல லினக்ஸ் கெர்னல்ல ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைக்கப் போய் 64 பிட்ல 16 பிட் புரோகிராமுக்கான வழியையே கொஞ்ச நாள் மூடிட்டாங்க, அப்புறம் வேற வழி கண்டுபிடிச்சுத் திறந்து விட்டாங்க. இப்படிப்பட்ட கேமை ஹோஸ்ட் பண்ற மெஷின்ல தானா அப்டேட் ஆகுறதை நிறுத்தி வைக்கிறது புத்திசாலித்தனம்.

ஆர்டரே அனுப்பாதவங்களை என்ன செய்யுறது? டிப்ளமசி ஆளுங்க இதுக்கு என்எம்ஆர்னே பேர் வச்சுட்டாங்க, நோ மூவ்ஸ் ரிசீவ்டுன்னு. அட்லாண்டிஸ்ல ஆர்டருக்கு முன்னாடி அட் குறி (@) போட்டா அது ஒவ்வொரு மாசமும் தானா திரும்ப நடக்கும், அதனால ஒரு வாரம் மறந்தவங்க நாடு உடனே பட்டினி கிடக்காது. இத்தனை டர்ன் தொடர்ந்து வரலன்னா ஃபேக்ஷனையே எடுத்துடுன்னு எஞ்சின்ல ஒரு எண் வைக்கலாம். இதுக்கு முன்னாடி ஸ்கிரிப்ட் செய்யக் கூடிய உபகாரம், கெடுவுக்கு ஒரு நாள் முன்னாடி யாரோட ஆர்டர் இன்னும் வரலையோ அவங்களுக்கு மட்டும் ஒரு நினைவூட்டல். எல்லாருக்கும் அனுப்பாதீங்க, ஒரே மாசத்துல யாரும் திறந்தே பாக்க மாட்டாங்க. யார் அனுப்பல, யார் தவற விட்டாங்கன்னு வெளிய சொல்றதா வேணாமான்னு முன்னாடியே முடிவு பண்ணுங்க, பக்கத்து நாட்டுக்காரன் தூங்குறான்னு தெரியுறது படையெடுப்புக்கு அழைப்பு விட்ட மாதிரி.

நிஜமான ஆட்களைக் கூப்பிடுறதுக்கு முன்னாடி நீங்களே மூணு ஃபேக்ஷனா மூணு வேற வேற கம்பெனி மெயில்ல இருந்து ஆடிப் பாருங்க, டர்ன் தினமும் ஓடட்டும், ஒரு மெயில் ஃபோன்ல இருந்து, ஒண்ணு பிரவுசர்ல இருந்து, ஒண்ணுல லீவு பதில் போட்டு வச்சு. வேணும்னே தப்பான பாஸ்வேர்டு, ரெண்டு ஃபேக்ஷன் ஆர்டரை ஒரே மெயில்ல, கெடுவுக்கு அப்புறம் ஒண்ணு, எஞ்சின் ஓடும்போதே அதைக் கொன்னுட்டு என்ன ஆகுதுன்னு ஒண்ணு. இதெல்லாம் தாண்டுனா வாரம் ஒரு டர்னுக்கு மாத்திக்கலாம்.

கடைசியா எழுத வேண்டியது நிறுத்தி வைக்கிற வழி. பண்டிகை வரும், நீங்க ஊருக்குப் போவீங்க, எஞ்சின்ல ஒரு பிழை கண்டுபிடிச்சு சரி பண்ண நாலு நாள் வேணும். ஃபோல்டர்ல பாஸ் (pause) னு ஒரு காலி ஃபைல் இருந்தா டர்ன் ஸ்கிரிப்ட் எதுவும் செய்யாம வெளிய போயிடணும், அதே சமயம் மெயில் வாங்குற ஸ்கிரிப்ட் வழக்கம் போல ஆர்டரை வாங்கி ரசீதுல "கெடு தள்ளி வச்சிருக்கு"ன்னு போடணும். ஃபைலை எடுத்ததும் விட்ட டர்னை உடனே ஓட்டாம, அடுத்து வர்ற வழக்கமான நாள்ல தான் ஓட்டணும், ஏன்னா தள்ளி வச்சிருக்குன்னு சொல்லிட்டு செவ்வாய்க்கிழமை மத்தியானம் திடீர்னு ரிப்போர்ட் வந்து நின்னா ஆர்டர் மாத்த நினைச்சிருந்த பாதிப் பேர் உங்க மேல தான் பாய்வாங்க.